எஸ்தர் ஏன் உரக்கப் படிக்கிறாள்?

ஜனவரி 6, ஞாயிறு

இன்றும் தோற்றேன். தோற்றதில் வருத்தமில்லை. கணக்கு டீச்சர் சொல் விளையாட்டில் தோற்பது ஊரில் நடக்காத சங்கதியா? ஆனால் என் வீட்டுக்காரர் ஜெயித்த விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. யாரிடமும் சொல்ல முடியாததால் டைரியிடம் சொல்கிறேன்.

மகள் வடிவு கல்லூரியில் படித்தபோது வாங்கிவந்த ஆட்டம் இது. ஒரு துணிப்பை நிறைய மரக்கட்டைகள், ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து செதுக்கியிருக்கும். பார்க்காமல் பைக்குள் கைவிட்டு ஏழு கட்டை எடுக்க வேண்டும். அதை வைத்துக் கட்டம் போட்ட பலகையில் சொல் கோக்க வேண்டும். க என்ற கட்டையைக் க், கா, கி, கூ என்று எப்படி வேண்டுமானாலும் கொள்ளலாம். அதனால் வைக்கிறவர் சொல்லை வாயாலும் சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டு விதி. அவள் கல்யாணமாகி மெல்போர்ன் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நிற்கவில்லை. நான், இவர், என் தம்பி குற்றாலம், மாடியில் குடியிருக்கும் எஸ்தர். நானும் எஸ்தரும் பெஞ்சில் ஒரு பக்கம், எதிரே இவரும் குற்றாலமும். தோற்றவர் அடுத்த வாரம் பஜ்ஜி போட வேண்டும்.

சிரிப்புக்குக் குறைவில்லை. உரக்கடை வைத்திருக்கும் குற்றாலம் இன்று ‘புகையான்’ என்று வைத்துவிட்டு, நெற்பயிரில் விழும் பூச்சி அது, தெரியாவிட்டால் கடைக்கு வாருங்கள், படம் காட்டுகிறேன் என்றான். நான் ‘விட்டம்’ வைத்தேன். எஸ்தர் பெரியாஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயரானவள், வழக்கம்போல ‘ஊசி’ வைத்தாள். எங்கள் மூன்று பேரையும் ஓரங்கட்டி இவர் ‘வழிப்போக்கன்’ என்று ஒரே தடவையில் இறக்கினார்.

விஷயம் இதுதான். முன்பெல்லாம் இவர் பைக்குள் கைவிட்டுக் கடலை அள்ளுகிற மாதிரி அள்ளுவார். இப்போது கை உள்ளே போனால் வருவதேயில்லை. பொதுத்தேர்வு சமயம் பறக்கும் படையில் போய் சாக்ஸுக்குள்ளும் ரிப்பனுக்குள்ளும் இருந்து பிட் எடுத்தவள் நான். என் கண்ணுக்குத் தப்பாது.

ஜனவரி 8, செவ்வாய்

காலையில் ஒரு மணி நேரம் பேப்பரை விரித்து வைத்திருந்தார். பாளையங்கோட்டையில் இனி எந்தக் கிழமை தண்ணீர் விடுவார்களாம் என்று கேட்டேன். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். தெரியாது என்கிறார். பிறகு காதில் வயரை மாட்டிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார். என்ன கேட்கிறார் என்று கேட்டால் செய்தி என்கிறார். மடியில் பேப்பரை வைத்துக்கொண்டு காதால் செய்தி கேட்கிற மனுஷரை இப்போதுதான் பார்க்கிறேன்.

ஸ்கூட்டர் ஷெட்டில் தூசி அடைந்து கிடக்கிறது. முழங்கால் வலியாம். முழங்கால் வலிக்காரர் மாடிப்படி ஏறி எஸ்தர் வீட்டுக்கு மட்டும் போகிறார்.

ஜனவரி 13, ஞாயிறு

இன்று எஸ்தரைக் கவனித்தேன். வைத்தவர் சொல்லைச் சொன்னால் போதும் என்பதுதானே விதி? இவள் எல்லோருடைய சொல்லையும் திருப்பி உரக்கப் படிக்கிறாள். படித்துவிட்டு இடமும் சொல்கிறாள். “குற்றாலம் தம்பி ‘மண்வெட்டி’ வச்சிருக்கு, மேல இருந்து நாலாவது வரிசை, கடைசில ரெண்டு கட்டம் காலி.” யார் கேட்டது இந்த வர்ணனையை? நான் கேட்டேவிட்டேன். நர்ஸு வேலைப் பழக்கம் மதினி, வார்டுல கத்திக் கத்தி இப்படி ஆயிட்டேன் என்று சிரித்தாள்.

சிரித்தது நன்றாக இல்லை.

இன்னொன்று. எழுதவே கூசுகிறது. இவர் எதிரில் உட்கார்ந்திருப்பவள் நான். ஆனால் இவர் முகம் எனக்கு வலப்பக்கம் இருக்கும் எஸ்தரை நோக்கியே திரும்பியிருக்கிறது. நான் பேசினாலும் பார்வை அங்கேதான். ‘நாண்’ என்று வைத்துவிட்டு வட்டத்தின் நாணைப் பற்றி நான் விளக்கியபோதுகூட அவளைப் பார்த்துக்கொண்டுதான் தலையாட்டினார். அறுபத்துநாலு வயதில் இது என்ன கூத்து?

தேநீர் வந்தபோது டம்ளரை எடுத்து இவர் கையில் கொடுத்தவளும் அவள்தான். எனக்கு என்ன கையில்லையா?

ஜனவரி 15, பொங்கல்

விடியும் முன்னே எழுந்து வாசல் நிறையக் கோலம் போட்டேன். இவர் வெளியே வந்து, அதன் நடுவில் காலை வைத்து நடந்து போய், பால்காரரிடம் பேசிவிட்டு, அதே வழியில் மிதித்துக்கொண்டு திரும்பினார். கல்யாணமான நாள் முதல் கோலத்தைச் சுற்றிக்கொண்டு போகிற மனுஷர். பண்டிகை நாளில் சண்டை வேண்டாம் என்றிருந்தேன்.

வடிவு போனில் வந்தாள். பிரசவத்துக்கு மார்ச் கடைசி என்று நாள் சொல்லியிருக்கிறார்கள். போன முறை கரு தங்காமல் போனபோது அவள் பக்கத்தில் ஆளில்லை. மாப்பிள்ளை வேலை விஷயமாக வெளியூரில் இருந்தார். அந்த ராத்திரி முழுக்க போனில் அழுதாள். இந்த முறை நான் போகிறேன், மார்ச் முதல் வாரம் டிக்கெட்.

இவர் போனை வாங்கி, அம்மாவை பிப்ரவரியிலேயே அனுப்புகிறேன் என்கிறார். ஆறு மாசம் இருந்துவிட்டு வரட்டுமாம். சோற்றுக்கு என்ன செய்வீர்கள் என்று மகள் கேட்டாள். எஸ்தர் இருக்கால்லா என்றார்.

இருக்கிறாள்தான்.

ஜனவரி 18, வெள்ளி

ஓய்வூதியர் சங்கக் கூட்டம் என்று சொல்லிவிட்டுக் காலையிலேயே ஆட்டோவில் போனார். மின்வாரியத்தில் படம் வரைகிற வேலை பார்த்தவர், சங்கத்துக்குள் தலைகாட்டியதே கிடையாது. மார்க்கெட்டில் சங்கச் செயலாளர் வீட்டம்மாவைப் பார்த்தேன். கூட்டமா, அது போன மாசமே முடிந்துவிட்டதே என்றாள்.

வீட்டுக்கு வந்து மாடிப்படியைப் பார்த்தேன். எஸ்தரின் செருப்பும் இல்லை.

மத்தியானம் திரும்பியபோது இவர் வலது கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. தூசி விழுந்துவிட்டதாம். கூட்டம் எப்படி என்று கேட்டேன். நல்ல கூட்டம் என்றார்.



ஜனவரி 20, ஞாயிறு

ஒரு பாதியைக் கண்டுபிடித்துவிட்டேன்.

பஜ்ஜி தட்டை எடுக்கிற சாக்கில் எழுந்து இவர் பின்னால் போய் நின்றேன். பைக்குள் இருக்கும் கையின் கட்டைவிரல் துணிக்குள் அசைகிறது. ஒரு கட்டையைத் தடவுகிறார், விடுகிறார். அடுத்ததைத் தடவுகிறார். செதுக்கிய எழுத்தல்லவா, விரலால் தடவியே என்ன எழுத்து என்று தெரிந்துகொண்டு வேண்டியதைப் பொறுக்கி எடுக்கிறார். இப்படித் திருடித்தான் இத்தனை வாரம் ஜெயித்திருக்கிறார். எடுத்த பிறகும் விடவில்லை. தன் முன்னால் வரிசையாக வைத்திருக்கும் கட்டைகளைத் திரும்பத் திரும்பத் தடவுகிறார்.

பிட் அடிக்கிற பையனை உடனே பிடிக்கக் கூடாது, நன்றாக எழுதவிட்டுப் பிடிக்க வேண்டும்.

ஜனவரி 22, செவ்வாய்

குற்றாலத்தின் கடைக்குப் போனேன். பக்கத்தில் பிளெக்ஸ் அடிக்கிறவனிடம் சொல்லி, வழவழப்பான அட்டையில் எழுத்துகளை அச்சடித்து, கட்டை அளவுக்கு வெட்டித் தரச் சொன்னேன். தடவினால் ஒன்றும் தெரியக் கூடாது. விவரம் கேட்டதும் குற்றாலம் தலையில் அடித்துக்கொண்டான். “அத்தான் மேலயே பறக்கும் படையாக்கா?” என்றான். விளையாட்டில் திருடுகிறவர் எதில் வேண்டுமானாலும் திருடுவார் என்றேன். எதைச் சொல்கிறேன் என்று அவனுக்குப் புரியவில்லை. நானும் விளக்கவில்லை.

ஜனவரி 25, வெள்ளி

டிக்கெட்டை முன்னால் மாற்றச் சொல்லி இவர் மாப்பிள்ளையிடம் பேசியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இங்கே உள்ளதை எழுதிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இவர் என்னை வெளியே அனுப்பப் பார்க்கிறார். நான் திரும்பி வரும்போது இந்த வீட்டில் எனக்கு என்ன இடம் இருக்கும் என்று தெரியவில்லை. போகாமலிருக்கலாம் என்றால் வடிவின் முகம் முன்னால் நிற்கிறது.

ஜனவரி 27, ஞாயிறு

பிடித்துவிட்டேன்.

மரக்கட்டையில் கரையான் அரித்துவிட்டது, இனி இதுதான் என்று புதுப் பையை நடுவில் வைத்தேன். எஸ்தர் அட்டையை எடுத்துப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது. பழைய கட்டையே இருக்கட்டும் மதினி, வெயிலில் காயவைத்துக்கொள்ளலாம் என்றாள். நான் கேட்பேனா?

இவர் பைக்குள் கையை விட்டார். விரல் அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. நெற்றியில் வியர்வை. பிறகு எதையோ ஏழு எடுத்து வரிசையாக வைத்தார். குற்றாலம் பக்கத்திலிருந்து அதைப் பார்த்துச் சிரிக்க வாயெடுத்தான், சிரிக்கவில்லை.

இவர் முறை வந்தது. மூன்று அட்டையைப் பலகையில் வைத்து ‘பறவை’ என்றார்.

பார்த்தேன். ஓர் அட்டை கவிழ்ந்து கிடந்தது. ஒன்று தலைகீழ். மூன்றாவது ட. எதுவும் கட்டத்துக்குள் இல்லை, கோட்டின் மேல் கிடந்தன.

“பறவையா? இதுல எங்க இருக்கு பறவை?” என்றேன்.

எஸ்தர் கையை நீட்டி அட்டைகளைச் சரிசெய்யப் பார்த்தாள், அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். வைத்தவரே காட்டட்டும் என்றேன். இவர் வழக்கம்போல் எஸ்தர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “இன்னைக்கு வேண்டாம் கோமு, தலை வலிக்கு” என்றார். எழுந்து போகும்போது கதவு நிலையைக் கையால் தேடிப் பிடித்துக்கொண்டார். எஸ்தர் அழுதுகொண்டே மாடிக்குப் போய்விட்டாள். குற்றாலம் பஜ்ஜியைத் தொடாமல் கிளம்பினான்.

ஜெயித்தது நான். கோமதி டீச்சரிடம் நடக்குமா?

ஆனால் ஒன்று உறுத்துகிறது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகளின் பிட்டைப் பிடித்திருக்கிறேன். பிட்டைத் தலைகீழாக வைத்து எழுதின பிள்ளையை நான் பார்த்ததில்லை. திருடுகிறவர் இவ்வளவு மோசமாகவா திருடுவார்?

ஜனவரி 28, திங்கள்

காலையில் துணி துவைத்து மொட்டைமாடியில் காயப்போட்டுவிட்டு, தலைக்குக் குளித்த ஈரத்துண்டோடு படியிறங்கி வந்தேன். எஸ்தர் இறங்கிவரும் படியும் அதுதான். இவர் கீழே நாற்காலியில் இருந்தார். சத்தம் கேட்டு நிமிர்ந்தார். நான் கடைசிப் படியில் நின்றேன், நல்ல வெளிச்சம், எங்களுக்கு நடுவில் ஒரு துணிக்கொடி மட்டும்தான் இருந்தது.

“எஸ்தரா?” என்றார்.

கோபத்தில் தலைத்துண்டை உருவி முறுக்கினேன்.

“நேத்தைக்குள்ளது போட்டும், நீ அழாத. அவட்ட மட்டும் ஒண்ணும் சொல்லிராத, என்ன? கண்ணு இப்படின்னு தெரிஞ்சா டிக்கெட்டக் கிழிச்சுப் போட்டுட்டு இங்கனயே உக்காந்துருவா. போன தடவ எம்பிள்ள தனியா கிடந்தா. இந்தத் தடவ அவ அம்மை கூட இருக்கணும். போயிட்டு வரட்டும். பொறவு நானே சொல்லுதேன்.”

நான் அவர் முன்னால்தான் நின்றேன். கை நீட்டினால் தொடலாம். துண்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மறுபடி படியேறினேன்.

ஜனவரி 29, செவ்வாய்

எஸ்தர் எல்லாவற்றையும் சொன்னாள். நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: உனக்கு மட்டும் எப்படித் தெரியும்?

ஆடி மாசம் அவள் தன் கண்புரைக்காகக் கண்ணாஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது வரிசையில் இவர் தனியாக உட்கார்ந்திருந்தாராம். பெயரைக் கூப்பிட்டும் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றாராம். கண்ணுக்குள் நடுப்பகுதி கெட்டுப்போகிற நோய். இடது கண்ணில் முடிந்துவிட்டது. வலது கண்ணில் மாசாமாசம் ஊசி போட்டு மிச்சத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஓரத்தில் பார்வை இருப்பதால் நடமாட முடிகிறது. படிக்க முடியாது, முகம் தெரியாது. எஸ்தர் போய் வருவது ஊசிக்குத் துணையாக.

“ஞாயித்துக்கிழம விளையாட்டு ஒண்ணுதான் மதினி அண்ணாச்சிக்கு மனசு விட்டுப் போகாம இருக்கு. அதுவும் போயிட்டா மனுஷன் ஒடிஞ்சிருவாருன்னுதான் நான் சத்தம் போட்டுப் படிச்சேன். நீங்க என்னைய எப்படிப் பாத்தீங்கன்னும் எனக்குத் தெரியும்.”

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தெரிந்திருந்துமா ஒவ்வொரு ஞாயிறும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்? மன்னித்துவிடு என்று கேட்டேன். கேட்டுவிட்டு அவள் அடுக்களையிலேயே உட்கார்ந்து அழுதேன். அவள் காபி போட்டுக் கொடுத்தாள்.

அழுகை ஓய்ந்ததும் கோபம்தான் வந்தது. இவர்மேல். ஆடி மாசத்திலிருந்து ஒரே வீட்டில், ஒரே பாயில்.

ஜனவரி 31, வியாழன்

இன்னும் நான் சொல்லவில்லை. குழம்பில் உப்புப் போட மறந்தேன். இவர் நன்றாயிருக்கிறது என்றார்.

பிப்ரவரி 3, ஞாயிறு

மரக்கட்டைப் பையையே எடுத்து வைத்தேன். கரையான் என்ன ஆயிற்று என்று குற்றாலம் கேட்டான். வாயை மூடிக்கொண்டு ஆடுடா என்றேன். அவனுக்கு எஸ்தர் முன்பே சொல்லியிருந்தாள் போல, பிறகு ஒன்றும் கேட்கவில்லை. முதல் சொல் அவன் வைத்தான், ‘கலப்பை’. எஸ்தர் வாயைத் திறக்குமுன் நான் படித்தேன். எத்தனையாவது வரிசை, எந்தப் பக்கம் எத்தனை கட்டம் காலி, எந்த எழுத்தின் கீழே இறங்கலாம், எல்லாம் சொன்னேன். கணக்கு டீச்சர் அல்லவா, எஸ்தரைவிடத் துல்லியமாகவே சொன்னேன்.

இவர் கை பைக்குள் அப்படியே நின்றது.

பிறகு எஸ்தர் குற்றாலத்தைக் கூட்டிக்கொண்டு எழுந்தாள், மாடியில் குழாய் ஒழுகுகிறதாம்.

எப்போ தெரியும் என்று இவர் கேட்டார். நீங்க என்னை எஸ்தர்னு கூப்பிட்ட அன்னைக்கு என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். கத்தித் தீர்க்க வேண்டும் என்று ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. மனசில் முள்ளாகக் கிடந்த ஒன்றை மட்டும் கேட்டேன்.

“எம்முன்னால உக்காந்துகிட்டு எப்பவும் அவளையே பாத்தீங்களே, அது என்னத்துக்கு?”

இவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டார். இந்த வருஷத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார்.

“உன்னைய நேராப் பாத்தா உம்மூஞ்சி இருக்க இடத்துல ஒண்ணுமே இல்லட்டீ. வெறும் புகை. கொஞ்சம் அந்தப் பக்கமாப் பாத்தாத்தான் ஓரத்துல நீ தெரிவ. அதுவும் பாதிதான். நீ நாணு, விட்டம்னு கையை ஆட்டி ஆட்டிப் பேசுவல்லா, அதைப் பாக்கதுக்குத்தான்.”

அவர் எஸ்தரைப் பார்ப்பதாக நான் வயிறெரிந்த நேரமெல்லாம் இந்த மனுஷர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் தலைகூட வாராமல் வந்து உட்கார்ந்திருப்பேன்.

பிப்ரவரி 5, செவ்வாய்

சண்டை. நான் போக மாட்டேன் என்றேன். போய்த்தான் ஆக வேண்டும் என்கிறார். உங்களைப் பார்த்துக்கொள்ள யார் என்றால், எனக்கு என்ன, நடக்கிறேன், தின்கிறேன், தூங்குகிறேன், பிரசவம் உன் மகளுக்கா எனக்கா என்கிறார். இரண்டு வேளையும் இதே பாட்டு.

பிப்ரவரி 8, வெள்ளி

இன்று இவரோடு கண்ணாஸ்பத்திரிக்கு நான் போனேன். டாக்டரம்மாவுக்கு வடிவு வயதுதான் இருக்கும். வலது கண்ணில் இருப்பது எவ்வளவு நாள் நிற்கும் என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள். இந்த வருஷம் நிற்குமா என்றேன். ஊசியை விடாமல் போட்டால் நிற்கலாம் என்றாள். வெளிநாட்டில் போடலாமா என்றேன். சீட்டு எழுதித் தருகிறேன், எங்கேயும் போடலாம் என்றாள்.

இவர் என் முழங்கையை இடித்தார். நான் கண்டுகொள்ளவில்லை.

பிப்ரவரி 10, ஞாயிறு

வடிவிடம் எல்லாம் சொல்லியாயிற்று. அழுதாள், அப்பாவைத் திட்டினாள், பிறகு இரண்டு பேரும் வாருங்கள் என்றாள். மாப்பிள்ளை அங்கே ஆஸ்பத்திரியில் விசாரித்துவிட்டாராம்.

இவர் மட்டும் முரண்டு. பிள்ளை பெற்ற வீட்டில் கண் தெரியாத கிழவனை யார் மேய்ப்பது, உனக்கு இரண்டு பிள்ளையாகிவிடும் என்றார். ஆட்டம் பாதியில் நின்றது. குற்றாலமும் எஸ்தரும் இருக்கும்போதே கேட்டேன்.

“பேரப்பிள்ள மூஞ்சியப் பாக்கணும்னு உங்களுக்குத் தோணலையா?”

கையிலிருந்த கட்டையைத் தடவிக்கொண்டே இருந்தார். “தோணாமலா? தோணுனதுனாலதான் அந்தப் பேச்சையே எடுக்கல” என்றார். குற்றாலம் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

நான் எழுந்து, பெஞ்சில் கிடந்த தலையணையைப் பிள்ளையை ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டு இவர் எதிரில் போய் நின்றேன். எந்தப் பக்கம் பிடித்தால் தெரியும், சொல்லுங்கள் என்றேன். வேண்டாம் கோமு என்றார். சொல்லுங்கள் என்றேன். வலதுபக்கம் நகர்த்தச் சொன்னார். இன்னும் கொஞ்சம். கொஞ்சம் உயர்த்து. கிட்டே வா. அப்படியே நில்லு என்றார்.

பிள்ளை பிறந்ததும் நேராகக் காட்டக் கூடாது. அவருக்கு வலது தோள் பக்கம், காது உயரத்துக்குக் கொஞ்சம் கீழே, ஒரு சாண் தள்ளி. நர்ஸிடமும் சொல்லிவிட வேண்டும்.